பழைய சிநேகிதருக்கு முதல் வரி

உங்க போன்ல ஒரு பேர் இருக்கும். வேற யாரையோ தேடும்போது கண்ணுல படும். ஒரு காலத்துல தினம் பேசின ஆள். சண்டை எதுவும் கிடையாது. வேலை மாறிச்சு, ஊர் மாறிச்சு, குழந்தை பிறந்துச்சு, அப்படியே விட்டுப்போச்சு. “இத்தனை வருஷம் கழிச்சு என்னன்னு பேசறது? ஏதோ காரியமா வந்திருக்கான்னு நினைச்சுட்டா?” இப்படி யோசிச்சு போனைக் கீழ வெச்சிடறீங்க. அந்தப் பேரைப் பத்திதான் இன்னிக்குப் பேசப்போறேன்.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்ல. உளவியல் ஆய்வாளர்கள் ரெண்டு பேர்: கனடாவுல சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துல லாரா அக்னின், இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராம். ரெண்டு பேரும் சேர்ந்து 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பழைய சிநேகிதரோட பேச ஆசை இருக்கு, தொடர்பு எண் இருக்கு, அவர் சந்தோஷப்படுவார்ங்கற நம்பிக்கையும் இருக்கு. அப்படிப்பட்டவங்களையே உட்கார வெச்சு, எழுத நேரமும் கொடுத்து, “இப்ப அனுப்புங்க”ன்னு சொல்லிப் பார்த்தாங்க. அனுப்பினவங்க மூணுல ஒரு பங்குகூட இல்ல! முன்பின் தெரியாத ஆள்கிட்டப் பேச எவ்வளவு தயங்குவோமோ, பழைய சிநேகிதர்கிட்டயும் அவ்வளவு தயங்கறோம்னு அதுல தெரிஞ்சுது.

அதே ஆய்வுல ஒரு வழியும் கிடைச்சுது. இப்ப பழக்கத்துல இருக்கறவங்களுக்கு முதல்ல மூணு நிமிஷம் மெசேஜ் அனுப்பச் சொன்னாங்க. கை பழகினதும் பழைய ஆளுக்கு எழுதச் சொன்னாங்க. இந்தத் தடவை பாதிக்கு மேல அனுப்பிட்டாங்க. நீங்களும் அப்படியே செய்யுங்க. தங்கச்சிக்கு ஒரு வரி, ஆபீஸ் சிநேகிதருக்கு ஒரு வரி, அந்த வேகத்துலயே அந்தப் பேருக்குப் போயிடுங்க.

என்ன எழுதறது? பெரும்பாலானவங்க மன்னிப்புல ஆரம்பிக்கிறாங்க. “சாரி, பேசவே முடியல, வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல...” இது வேண்டாம்னு நான் உறுதியா சொல்வேன். அவரும்தானே இத்தனை வருஷம் பேசல? நீங்க மன்னிப்புக் கேட்டா அவருக்கும் குற்ற உணர்ச்சி வந்துடும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சமாதானம் சொல்றதுலயே அந்தப் பேச்சு முடிஞ்சுடும்.

உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சின்ன விஷயம் ஒண்ணை எடுத்து எழுதுங்க. “டேய், இன்னிக்கு மழையில பஸ் ஸ்டாண்டுல நின்னேன். ஃபீஸ் கட்ட வெச்சிருந்த காசுல நாம புரோட்டா சாப்பிட்டது ஞாபகம் வந்துச்சு. நல்லா இருக்கியா? மெதுவா பதில் போடு.” இவ்வளவு போதும். ஃபார்வர்டு மெசேஜ் அனுப்பாதீங்க, குரூப்ல சேர்க்காதீங்க. நிஜமாவே ஒரு உதவி வேணும்னா அதை முதல்லயே சொல்லிடுங்க. பத்து நாள் குசலம் விசாரிச்சுட்டுப் பதினோராவது நாள் பாலிசி எடுக்கச் சொன்னா, அந்தப் பத்து நாளும் பொய்னு ஆயிடும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல பெக்கி லியூ குழு 2022-ல கண்டுபிடிச்சது இது: நாம கணக்குப் போடறதைவிட அதிகமா அந்தப் பக்கம் சந்தோஷப்படறாங்க. நம்ம மெசேஜ் எதிர்பாராம வந்தா இன்னும் அதிகம். அப்படின்னா, நீங்க பயப்படற அந்த நீண்ட இடைவெளி உங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கு.

வள்ளுவர் நட்புன்னு ஒரு அதிகாரம் எழுதினதோட நிறுத்தல. ரொம்ப நாள் பழகின நட்புக்குன்னே ‘பழைமை’ன்னு 81-ஆவது அதிகாரத்தைத் தனியா வெச்சார். பழகினவங்க கேட்காமலே உரிமை எடுத்துக்கிட்டா, அதை மனசார ஏத்துக்கறதுதான் நட்புங்கறார். அந்த உரிமையோட பேசுங்க. முன்னாடி ‘டா’ போட்டுக் கூப்பிட்டிருந்தா இப்பவும் ‘டா’தான். அவர் ஹெட்மாஸ்டராவே இருந்தாலும் சரி! ஆனா அவர் பிள்ளைங்க முன்னாடி மட்டும் பட்டப்பேரைச் சொல்லிடாதீங்க.

பெண்களுக்கு இதுல கூடுதல் சிரமம் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறும், ஊர் மாறும், நம்பர் மாறும். ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல இருந்தவ எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. அவளோட பொறந்த வீட்டைப் பிடிங்க. அந்தத் தெரு இன்னும் அங்கதான் இருக்கும். அண்ணனோ சித்தியோ பக்கத்து மளிகைக்கடைக்காரரோ சொல்லிடுவாங்க. பொங்கலுக்கோ ஊர்க் கோயில் கொடைக்கோ அவ வர்ற நாள்ல நீங்களும் ஊருக்குப் போங்க. “உங்க வீட்டுக்குப் பின்னாடி கொடுக்காப்புளி பறிக்க வருவாளே, அவதான் நானு”ன்னு அவ அம்மாகிட்டச் சொல்லிப் பாருங்க. பேரை மறந்த அம்மாவும் அந்த மரத்தை மறந்திருக்க மாட்டாங்க. போன் நம்பரே கிடைக்கலன்னா பழைய விலாசத்துக்கு ஒரு கடுதாசி போடுங்க.

நம்பர்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. நம்ம நாட்டுல உபயோகத்துல இல்லாம துண்டிச்ச நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அதனால மனசுல இருக்கறதைக் கொட்டறதுக்கு முன்னாடி, ஆள் அவர்தானான்னு கேட்டுக்குங்க.

ஒருவேளை பணத் தகராறுல பிரிஞ்சிருந்தீங்கன்னா, பாக்கி உங்க பக்கம் இருந்தா, பணத்தைக் கொடுத்துட்டு அப்புறம் பேசுங்க.

பதில் வெறும் “ம், நல்லா இருக்கேன்”னு வந்தா மனசு விடாதீங்க. அவர் ஆஸ்பத்திரி வரிசையில நின்னுக்கிட்டு அதைப் பார்த்திருக்கலாம். ஒரு மாசம் போகட்டும். இன்னொரு வரி அனுப்புங்க. ரெண்டாவது தடவைதான் உறவு திரும்ப ஓட ஆரம்பிக்குது. அப்பவும் பதில் இல்லன்னா விட்டுடுங்க, துரத்தாதீங்க.

சில சமயம் விசாரிக்கும்போது, அவர் தவறிட்டார்ங்கற சேதி வரும். தாமதமாயிடுச்சேன்னு அதோட திரும்பிடாதீங்க. அவர் வீட்டுக்குப் போங்க. இருபது வயசுல அவர் எப்படி இருந்தார், எந்தப் பாட்டுக்கு ஆடினார், யாருக்காகப் பரிஞ்சு பேசி அடி வாங்கினார்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல உங்களை மாதிரி நாலு பேர்தான் மிச்சம் இருப்பீங்க. உட்கார்ந்து சொல்லிட்டு வாங்க. பழைய போட்டோ இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.