உழைக்கும் மகளிரும் மாதவிடாய் வலியும்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



இப்பொருளை விழா மேடையில் பேசலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். நாற்று நடும் தாயின் கூலியையும், பள்ளிக்கு வரும் மகளின் படிப்பையும் திங்கள்தோறும் குறைக்கின்ற ஒன்றைக் கல்விக் கழகத்தின் மேடையில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

இவ்வலி எதனால் உண்டாகிறது? கருப்பையின் உட்படலம் கழன்று வெளியேறும்போது புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் அங்கே சுரக்கிறது. அது கருப்பைத் தசைகளை இறுக்கிச் சுருக்குகிறது, குருதியோட்டம் குறைகிறது, வலி பிறக்கிறது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்பிலும் தொடையிலும் பரவுகிறது. சிலருக்கு வாந்தியும் பேதியும் உண்டாகின்றன. ஆகவே இது சோம்பலுமன்று, பாசாங்குமன்று; உடலின் இயக்கம்.

இவ்வலியோடு நம் பெண்கள் செய்யும் வேலை எத்தகையது? நடவு வயலில் காலைமுதல் குனிந்த இடுப்பு நிமிர்வதில்லை. துணி மாற்ற மறைவிடமில்லை, கழிப்பிடமில்லை. ஆகையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள். ஒரு நாள் வீட்டிலிருந்தால் அன்றைய கூலி போயிற்று. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், வேலை தடைப்படலாகாது என்று கருப்பையையே அகற்றிக்கொண்ட கொடுமை 2019இல் நாடறியச் செய்தியாயிற்று. நம் தமிழகத்து ஆடை ஆலைகளில், வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டும் இல்லாத மாத்திரைகள் தரப்பட்ட செய்தியும் அதே ஆண்டில் வெளிவந்தது. கூலிக்காக உடலை இழப்பது எந்த நியாயம்?

சட்டங்கள் இல்லாமலில்லை. ஜப்பான் நாடு 1947இலேயே தொழிலாளர் சட்டத்தில் மாதவிடாய் விடுப்புக்கு இடமளித்தது. பீகார் அரசு 1992இல் தன் பெண் ஊழியர்க்குத் திங்களுக்கு இரண்டு நாள் விடுப்பு வழங்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் மகளிர்க்குத் தனிக் கழிப்பிடத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும் இவற்றின் நிழல் வயல் வரப்பை எட்டவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்று வாதிட்டார். அந்த வாதம் இதற்கும் பொருந்தும்.

ஆனால் அரசையும் முதலாளியையும் கேட்குமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘தீட்டு’ என்ற ஒரு சொல்லால் நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அச்சொல்லை எதிர்த்தே நாம் கல்விக் கழகம் கண்டோம். அதே சொல்லால் நம் வீட்டு மகளை மூன்று நாள் திண்ணையில் ஒதுக்கி வைப்பது தகுமா? தீண்டாமையை வாசலில் எதிர்த்துக் கொல்லையில் காப்பாற்றலாமா?

எனவே சில வேண்டுகோள்கள். நம் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலார்க்கும், இதனை வெட்கமின்றிக் கற்பிப்போம். வெந்நீர் ஒத்தடம் வலியைத் தணிக்கும். இபுபுரூபன், மெபனாமிக் அமிலம் போன்ற மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உண்டாவதையே குறைப்பவை. எனினும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உடையோர்க்கு அவை தீங்கு செய்யும். மருத்துவரைக் கேட்டு, உணவுக்குப்பின் உட்கொள்ள வேண்டும். ஆண்டுக்காண்டு மிகும் வலி, நடுவயதில் புதிதாகத் தொடங்கும் வலி, மிகுதியான உதிரப்போக்கு ஆகியவை கருப்பைக் கட்டி முதலிய நோய்களின் அறிகுறியாகலாம். “பெண் என்றால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்” என்று அவற்றை மறைக்காமல் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

ஆடவர்க்கும் ஒரு சொல். அந்நாள்களில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் நீங்கள் தூக்குங்கள். அதனால் எவர் பெருமையும் குறைந்துவிடாது.

கழகம் நடத்தும் விடுதியில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும், வலியுற்ற மாணவி சற்றே படுத்திருக்க ஓர் அறையும் இவ்வெள்ளி விழா ஆண்டின் நினைவாக அமையட்டும்.