கணிப்பொறியும் கானமும்

ஓய்வு நேரத்தில் ஒருவர் தபால் தலை சேர்க்கிறார். ஒருவர் தோட்டம் போடுகிறார். ஒருவர் சதுரங்கம் ஆடுகிறார். எனக்கு வாய்த்த பொழுதுபோக்குச் சற்று விநோதமானது. பகலெல்லாம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவில் கணிப்பொறியின் முன் அமர்ந்து பாட்டுக்களைக் கோத்துக்கொண்டிருந்தவன் நான். சினிமாப் பாட்டு, கீர்த்தனம், மேனாட்டு இசை என்ற வேற்றுமை எனக்கு இல்லை. இருபது ஆண்டுகளாக இப்பழக்கம் என்னை விடவில்லை. அது எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தை இன்று மாணவர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாட்டைக் கோப்பது என்றால் புதிதாகப் பாட்டுக் கட்டுவது அன்று. காய்கறி சந்தையில் வாங்கியதுதான். குழம்பு மட்டும் நம்முடையது. முதலடியைக் குழல் வாசிப்பதா, பிடில் வாசிப்பதா? பல்லவி மீண்டும் வரும்போது பக்கத்தில் வேறொரு கருவி சேருவதா? எல்லாக் கருவிகளும் எங்கே ஓய்ந்து நிற்பது? இவற்றை முடிவு செய்வதே கோப்பவன் வேலை. முன்பெல்லாம் இதற்குப் பத்து வித்துவான்களாவது வேண்டும். இன்று ஒரு கணிப்பொறியும் பியானோக் கட்டைகள் கொண்ட சிறு பலகையும் போதும்.

கணிப்பொறி எப்படிப் பாடுகிறது? 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்ற பொறியியலறிஞர் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியைக்கொண்டு 17 விநாடி நேரம் இசை ஒலிக்கச் செய்தது. பின்னர் 1983இல், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக ‘மிடி’ என்னும் பொது முறை வகுக்கப்பட்டது. கல்யாணப் பத்திரிகைக்குள் நாதசுர ஓசை இராது. அதுபோலவே மிடிக் கோப்புக்குள்ளும் ஓசை இராது. அதில் இருப்பவை கட்டளைகள் மட்டுமே. இன்ன சுரத்தை, இன்ன நொடியில், இன்ன அழுத்தத்தில் தொடங்கு. இன்ன நொடியில் நிறுத்து. அவ்வளவுதான். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. பியானோவின் நடுக்கட்டைக்கு 60 என்பது எண். நாம் சொன்னதை அது அப்படியே செய்யும்; சொல்லாததை ஒருபோதும் செய்யாது.

நான் முதலில் எடுத்துக்கொண்டது முத்துசுவாமி தீட்சிதருடைய நோட்டு ஸ்வரங்களுள் ஒன்றை. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அம்மகான், ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் வாசித்த மெட்டுக்கள் பலவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். அவை சங்கராபரணத்தின் சுரங்களில், அசைவு இல்லாமல், நேர்நேராக நடப்பவை. அதனை இரண்டு பிடில், ஒரு குழல், ஒரு கனத்த நரம்புக் கருவி என்று நான்காகப் பங்கிட்டேன். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. கேட்டவர் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றனர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மயக்கத்தில்தான் என் தாயார் பாடும் தாலாட்டை எடுத்துக்கொண்டேன். அது நீலாம்பரி. நீலாம்பரியும் சங்கராபரணத்தின் வழிப் பிறந்த இராகந்தான். ‘அங்கே வாய்த்தது இங்கே வாய்க்காதா?’ என்று எண்ணினேன். அப்போது அம்மாவுக்கு எண்பது வயது. மூச்சு வாங்குகிறது என்று பாடுவதையே நிறுத்தியிருந்தார். நினைவிலிருந்தே சுரம் எழுதி, ஒவ்வொன்றாகப் பொறியில் ஏற்றினேன். பொறியில் இருந்த கருவிப் பட்டியலில் 128 கருவிகள் உண்டு. அவற்றுள் சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, வீணையும் நாதசுரமும் இல்லை. ஆதலின் சிதாரையே வீணையாகப் பாவித்துக்கொண்டேன். தாளம் மயிரிழையும் பிசகாதபடி ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் கட்டத்தில் பொருத்தினேன்.

அம்மாவை அழைத்துக் கேட்கச் செய்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“நன்றாயிருக்கிறது. யார் பாட்டுடா இது?” என்றார்.

“உன் பாட்டுத்தான் அம்மா.”

“என்னுடையதா?” என்று கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொறியை அணைத்துவிட்டேன்.

பிழை எங்கே என்று அன்றிரவு யோசித்தேன். சுரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் நம்முடைய சங்கீதத்தில் ஒரு சுரம் தூணைப்போல நிற்பதில்லை, ஊஞ்சலைப்போல ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்குக் கமகம் என்று பெயர். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறிகள் அமைந்திருக்கின்றன. சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டை எழுதியதாகாது என்பது அப்பெரியவருக்குத் தெரியும். இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்து, 1971இல்தான் அதனை மீண்டும் அனுமதிக்கத் தொடங்கியது. கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் பேசாது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் முக்கியமான ஒன்று. அந்த விலக்குச் சரியா, தவறா என்பது வேறு வழக்கு. ஆனால் நான் என் தாயாரின் பாட்டை ஆர்மோனியக் கட்டைகளில் அடைத்துவிட்டேன் என்பதில் ஐயமில்லை.

மறுநாள் அம்மாவைப் பாடச் சொன்னேன். “குரல் எங்கே இருக்கிறது?” என்று மறுத்தார். நாளுக்கு ஓர் அடி போதும் என்று கெஞ்சினேன். மாலை விளக்கேற்றியபின் ஓர் அடி பாடுவார். நான் பதிவு செய்துகொள்வேன். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக் கேட்கக் கணிப்பொறியில் வசதி உண்டு. அப்படிக் கேட்டபோது திகைத்துப்போனேன். நான் ‘ம’ என்று ஓர் எழுத்தாக எழுதிய இடத்தில், குரல் காந்தாரத்திலிருந்து கிளம்பி, மத்திமத்தைத் தொட்டும் தொடாமலும் அசைந்து, மீண்டும் கீழே சாய்ந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்ட பாட்டு. ஆனால் அதை நான் கேட்டதேயில்லை!

பொறியில் சுரத்தை வளைக்கவும் வழி இருக்கிறது. வளைவின் முழு வீச்சு 16384 படிகள். வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு அரைச்சுரங்களுக்குப் பரவும். ஆகவே ஓர் அரைச்சுரத்துக்கு 4096 படிகள். கட்டைகளுக்கு இடையே இத்தனை இடம் இருக்கிறது! அம்மாவின் குரல் போன பாதையை அந்தப் படிகளில் கோடாக வரைந்தேன். நான்கு அடிக்கு ஒரு மாதம் பிடித்தது. வேலையினூடே இன்னொன்றும் செய்தேன். அவர் பாட்டில் அடியின் நடுவே சில இடைவெளிகள் இருந்தன. முதுமையால் மூச்சு முட்டி நிறுத்துகிறார் என்று எண்ணி, அவற்றையெல்லாம் ஒட்டிச் சீர்ப்படுத்தினேன்.

இரண்டாம் முறை கேட்டபோது அம்மாவின் முகம் மலர்ந்தது. “இது என் பாட்டுத்தான்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் இப்படி மூச்சு விடாமல் பாடினால், தூளியை ஆட்டிவிடக் கை எப்போது நீளும்?” என்று கேட்டார்.

அவை மூச்சு முட்டிய இடங்கள் அல்ல. தூளியை ஆட்டிவிட்ட இடங்கள்! நான் பிழை என்று களைந்ததுதான் அந்தப் பாட்டின் உயிர். உடனே அமர்ந்து, ஒட்டிய இடங்களையெல்லாம் பிரித்து விட்டேன்.

மாணவ நண்பர்களே, கணிப்பொறி இருந்தால் காது வேண்டாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. நாம் கேட்ட அளவுக்குத்தான் அது பாடும். நாம் அரைகுறையாகக் கேட்டதை ஒளிக்காமல் திருப்பிக் காட்டிவிடும். இதைவிட நேர்மையான ஆசிரியரை நான் கண்டதில்லை.

உங்களுக்கும் விருப்பம் இருந்தால் தொடங்குங்கள். பொருட்செலவு மிகுதியாக இல்லை. மியூஸ்கோர் போன்ற இசைச் செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. முதலில் நன்கு தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபவர் குரலை விட்டுவிட்டு, அடியில் ஒலிக்கும் கனத்த சுரங்களை மட்டும் பத்து முறை கேளுங்கள். கேட்டதை எழுதிப் பொறியில் ஏற்றுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பைக் கேட்டால், தியாகராஜரும் ஜெர்மானிய மேதை பாஹும் ஒரே கூடத்தில் அமரக்கூடும் என்பது விளங்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. வீட்டில் பயிலலாம், வெளியிடுவதானால் அனுமதி பெறவேண்டும்.

அதற்குப்பின் அம்மா இரண்டு ஆண்டுகளே இருந்தார். அவருடைய பாட்டுப் பொறியில் பத்திரமாக இருக்கிறது. ஆயினும் சென்ற ஆண்டு என் பேரனைத் தூளியில் இட்டபோது அதன் அருகே நான் கணிப்பொறியைக் கொண்டுபோய் வைக்கவில்லை. நானே பாடினேன். என் குரல் ஒன்றும் இனிய குரல் அன்று. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தித் தூளியை ஆட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.