அலுமினியத்தின் மேல் ஒரு படலம்

அலுமினியத் தகட்டைத் தகுந்த கரைசலில் அமிழ்த்தி, மின்சாரத்தின் நேர்முனையோடு இணைத்தால், அதன் மேல் ஆக்சைடு படலம் வளரும். இதற்கு அனோடைசிங் என்று பெயர். படலத்தின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கரைசல்தான்.

போரேட் கரைசலில் துளையற்ற படலம் கிடைக்கும். அதன் தடிமன் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர்; 100 வோல்ட் கொடுத்தாலும் 140 நானோமீட்டரைத் தாண்டாது. அவ்வளவு மெல்லிய படலம் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது வியப்புக்குரியது. கரோல் பொல்லாக் என்பவர் இந்தப் படலத்தைக் கொண்டு அமைத்த கெப்பாசிட்டருக்கு 1896-இல் காப்புரிமை கோரினார். செல்போன் சார்ஜருக்குள் நிற்கும் சிறிய உருளையைப் பிரித்தால், பாய் போலச் சுருட்டிய அலுமினியத் தாளும், இடையே கரைசலில் ஊறிய காகிதமும் தெரியும். அந்தத் தாளின் மேல் இருப்பது இதே படலம்.

ஆக்சாலிக் அமிலத்தில் வளரும் படலமோ தேன்கூடு போல நுண்துளைகள் நிறைந்தது. துளைகளின் இடைவெளியை வோல்ட்டேஜ் தீர்மானிக்கும். அடியிலுள்ள உலோகத்தையும் துளைகளின் அடியை மூடியிருக்கும் ஆக்சைடையும் நீக்கிவிட்டால் அருமையான வடிகட்டி கிடைக்கும். 0.02 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் கடல்நீர் மாதிரியை வடித்து, தங்கிய வைரஸ்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்.