ஒருமுறை ஆடினால் போதுமா?



பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. பிள்ளை ஏதோ ஒரு வீடியோ விளையாட்டின் பெயரைச் சொல்லி, வாங்கித் தரும்படி கேட்கிறான். தகப்பனார் விலையை விசாரிக்கிறார். "60 வெள்ளியா? எத்தனை நாளைக்கு ஆடுவாய்? ஆடி முடித்தபின் அதை என்ன செய்வாய்?" என்கிறார். வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதித்தவர் அப்படிக் கேட்பது நியாயமே. சட்டை வாங்கினால் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்க்கிறோம். விளையாட்டுக்கும் அதே கணக்கைப் போடுகிறோம்.

ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆட முடிந்தால்தான் அதற்கு மதிப்பா? ஒரே முறையில் முடிந்துவிடும் விளையாட்டு வீண் செலவா? இந்த இரண்டு கேள்விகளையும் இன்று நாம் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

திரும்ப ஆடும் சுவை நமக்குப் புதியதன்று. நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடினார்கள். பக்கத்து மலாய்க் குடும்பங்களில் சொங்காக் ஆடினார்கள். பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். சொங்காக்கில் அவற்றோடு ஆளுக்கொரு 'ரூமா'வும் உண்டு. விதிகளை ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம். ஆனாலும் ஆயுள் முழுவதும் ஆடியவர்கள் சலிக்கவில்லை. காரணம் என்ன? விதிகள் சில, அவற்றிலிருந்து பிறக்கும் நிலைமைகளோ பல. எந்தக் குழியிலிருந்து எடுக்கிறோம், எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வோர் ஆட்டமும் வேறாகிறது.

வீடியோ விளையாட்டுகளிலும் இதே காரணங்கள்தாம் வேலை செய்கின்றன. அவற்றை மூன்றாக வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, அமைப்பு மாறுவது. 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் டெட்ரிஸ் என்னும் விளையாட்டை உருவாக்கினார். நான்கு சதுரங்கள் ஒட்டிய ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்து எந்தத் துண்டு வரும் என்னும் வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் நேற்றைய ஆட்டம் இன்று வராது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் படைத்த ரோக் என்னும் விளையாட்டில், ஒவ்வொரு முறையும் கணினியே புதிய நிலவறைகளை அமைத்துத் தந்தது. 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்ட்டும் அந்த வழியில் வந்ததே. மலையும் காடும் ஆறும் ஒவ்வொரு தடவையும் புதிதாக முளைக்கின்றன.

இரண்டாவது, ஆடுபவர் மாறுவது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் பாதை மாறுவதில்லை. பள்ளமும் மேடும் அதே இடத்தில்தான் இருக்கும். மாறுவது ஆடுபவரின் கைத்திறன். முதல் நாள் முதல் பள்ளத்திலேயே விழுந்தவர் பின்னர் ஓட்டமாய்க் கடக்கிறார். தேர்ந்தவர்கள் குறுக்கு வழிகளையும் பயன்படுத்தி ஐந்து நிமிடத்திற்குள் முழு விளையாட்டையும் முடிக்கிறார்கள். 1989இல் வெளிவந்த ஒரு டெட்ரிஸ் பதிப்பை, 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், நிரலே திணறி நின்றுபோகும் இடம் வரை ஆடிக் காட்டினான். அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்த விளையாட்டு அது!

மூன்றாவது, எதிரில் இருப்பவர் மாறுவது. சதுரங்கத்திற்கும் திடலில் ஆடும் காற்பந்துக்கும் சலிப்பில்லாமல் இருப்பது இதனால்தான். அண்ணனோடு ஆடுவது வேறு; அண்டை வீட்டுப் பையனோடு ஆடுவது வேறு.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2018இல் லூக்காஸ் போப் என்பவர் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்னும் விளையாட்டு ஒன்று உண்டு. காலம் 1807. காணாமற்போன ஒரு வணிகக் கப்பல் ஆளில்லாமல் துறைமுகம் வந்து சேருகிறது. அதில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்பதை நாம் துப்புத் துலக்க வேண்டும். பேச்சின் சாயல், அணிந்த உடை, படுத்துறங்கிய இடம் இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கினால்தான் விடை கிடைக்கும். முழுவதும் கண்டுபிடித்த பிறகு மறுபடி ஆட ஒன்றுமில்லை. விடைதான் தெரிந்துவிட்டதே!

2012இல் வந்த 'ஜர்னி' என்பது இரண்டு மணி நேரத்தளவில் முடிந்துவிடும். பாலைவனத்தில் தொலைவில் தெரியும் மலையை நோக்கி ஒரு பயணி நடக்கிறான். வழியில் வேறொரு நாட்டில் இருந்து ஆடும் ஒருவர் துணைக்கு வரலாம்; பெயர் தெரியாது, பேசவும் முடியாது. அதன் இசை கிராமி விருதுக்கே முன்மொழியப்பட்டது. இரண்டு மணி நேரம்தானே என்று அதைத் தள்ளிவிட முடியுமா?

இவற்றை நம் விடுகதைகளோடு ஒப்பிடலாம். விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டால் அது முடிந்துபோகிறது. அதனால் பாட்டி போட்ட விடுகதை பயனற்றது என்று யாரும் சொல்வதில்லை. விடைக்காகத் தலையைச் சொறிந்த அந்தக் கால் மணி நேரம்தான் அதன் மதிப்பு. இன்னொன்றும் உண்டு. விடை தெரிந்தவர் அதைத் தம்பிக்குப் போடலாம். அவன் திணறுவதைக் கண்டு மகிழலாம். ஒருவர் ஆடி முடித்த கதை விளையாட்டை வீட்டில் இன்னொருவர் முதன்முறையாக ஆடும்போது, அருகில் அமர்ந்து பார்ப்பதும் அத்தகைய இன்பமே.

ஆகவே, திரும்ப ஆட இடமுண்டா என்பது சில வகை விளையாட்டுகளுக்குப் பொருத்தமான அளவுகோல், எல்லாவற்றுக்கும் அன்று. அரிசியை மரக்காலால் அளக்கலாம். துணியை அதனால் அளக்க முடியுமா?

நேயர்களே, இந்த அளவுகோலில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. மீண்டும் மீண்டும் ஆடப்படுவது எல்லாம் நல்ல விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் பேக்-மேன் ஆகியவை காசு போட்டு ஆடும் பெட்டிகளாக வந்த காலத்திலேயே, திரும்ப ஆடுவதுதான் கடைக்காரரின் வருமானம். ஆனால் அங்கே சட்டைப்பையில் காசு தீர்ந்ததும் பிள்ளை வீடு திரும்பிவிடுவான். இன்று கைப்பேசியில் இலவசம் என்று வரும் பல விளையாட்டுகள் வேறு விதமாக இழுக்கின்றன. இன்று வந்து தொட்டால் ஒரு பரிசு. நாளை வராவிட்டால் சேர்த்தது போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பணம் கட்டித் திறக்கச் சொல்கின்றன. சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018இல் பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் முடிவு செய்தது.

இங்கே பிள்ளையைத் திரும்ப அழைப்பது சுவையன்று. இழந்துவிடுவோமோ என்னும் அச்சம். விடியும் முன்னே பிரட்டுக்குப் புறப்படும் தாய், பிள்ளை தனித்திருப்பானே என்று கைப்பேசியை விட்டுச் செல்கிறாள். அவள் திரும்பும்வரை அவனை ஆட வைப்பது எது என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். கணக்கும் பார்ப்போம். 60 வெள்ளி கொடுத்து வாங்கி, பத்து நாளில் முடிந்த விளையாட்டுக்குச் செலவு 60 வெள்ளியோடு நின்றது. இலவசமாக வந்த விளையாட்டுக்கு மாதம் 10 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 120 வெள்ளி. நீண்ட நாள் உழைத்தது இரண்டாவதுதான். ஆனால் உழைத்தது யாருக்கு?

அப்படியானால் பெற்றோர் எப்படி முடிவு செய்வது? "எத்தனை நாள் ஆடுவாய்?" என்ற கேள்வியை விட்டுவிட வேண்டாம். அதோடு வேறு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். "இன்று ஆடியதில் புதிதாக என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். பிள்ளை கண் மலர்ந்து சொன்னால் அந்த ஆட்டத்தில் சுவை இருக்கிறது. "இரண்டு நாள் ஆடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் ஆகாது" என்றால் நல்லது. முகம் வாடினால் கவனிக்க வேண்டும். "ஆட்டம் தொடங்கிய பிறகும் பணம் கேட்கிறதா?" என்று கேளுங்கள். இதற்கு மட்டும் பிள்ளையின் பதிலோடு நில்லாமல் நாமே திரையைப் பார்ப்பது நலம்.

நல்ல நூலைப் படிக்குந்தோறும் புதுச்சுவை தோன்றுவதை வள்ளுவர் நட்புக்கு உவமையாக்கினார். அந்தச் சுவை நூலுக்குள்ளிருந்து பிறப்பது. விளையாட்டும் தன் சுவையால் மீண்டும் அழைத்தால் மகிழ்ச்சியோடு ஆடலாம். ஒரே முறையில் நிறைவு தந்து முடிந்தால், நன்றாக இருந்தது என்று மூடி வைத்துவிட்டுத் திடலுக்குப் போகலாம். முடியத் தெரிந்த விளையாட்டு பிள்ளையின் மாலைப் பொழுதை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறது. அதுவும் ஒரு மதிப்பே அல்லவா?