வாயில்லா உயிரும் ஒலிக் கண்ணும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வேண்டிய மேடையில் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். விவேக் நகரில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு; அவர்களுக்கே இப்பேச்சு.

எங்கள் வீட்டு ராணிக்கு அப்போது ஒன்பது வயது. பருவம் கழிந்து ஒரு திங்கள் சென்றபின், அவள் ஓயாது தண்ணீர் குடிக்கலானாள்; சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்கினாள். கோடை வெப்பம் என்றெண்ணி மோர் வைத்தோம்! மூன்றாம் நாள் வாந்தி கண்டது. அருகிலுள்ள கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “கருப்பையில் சீழ் இருக்குமோ என்று ஐயுறுகிறேன். இன்றே ஸ்கேன் எடுங்கள்” என்று கடிதம் எழுதித் தந்தார். நானோ, ‘இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதனால் வேறிடம் தள்ளுகிறார்’ என்று முடிவு கட்டி, ஒரு பகலை வீணாக்கினேன். சீழ் வெளிவரும் வழி அடைபட்டிருந்தால், அந்நஞ்சு குருதியில் கலந்து உயிரைக் குடித்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மறுநாள் பெரிய மருத்துவமனையில் ராணியின் வயிற்று மயிரை மழித்து, பசை தடவி, சிறு கருவியொன்றை வைத்து நகர்த்தினர். மயக்க மருந்தும் இல்லை; ஊசியும் இல்லை. மனிதர் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அக்கருவியின் ஒலியோ பல இலட்சம் அதிர்வுகள் உடையது. நாயின் செவிக்கும் எட்டாதது. உள்ளே சென்று எதிரொலித்து வரும் அவ்வொலி திரையில் படமாகிறது. நீர் நிறைந்த இடம் கறுப்பாகத் தோன்றும். ராணியின் கருப்பை கறுத்துப் பருத்த குழாய்களாகத் தெரிந்தது. அன்று மாலையே அறுவை செய்து அதனை அகற்றினர்.

ஒலிக் கண்ணுக்கும் எல்லை உண்டு. காற்றையும் எலும்பையும் அது ஊடுருவாது. சினை நாயின் வயிற்றில் குட்டிகளின் இதயத் துடிப்பை ஏறத்தாழ நான்காம் வாரத்திலேயே காட்டும். எத்தனை குட்டிகள் என்று எண்ணிச் சொல்லவோ, கடைசி வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயே ஏற்றது.

கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டு, மகளிர் வயிற்றை ஒலியால் காணும் முறையை 1958இல் வெளியிட்டார். நம் பெங்களூரின் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அதே 1958இல்தான்! சென்னைக் கல்லூரியோ 1903இலேயே தோன்றியது. மனிதருக்கு உள்ளதுபோல் கால்நடை மருத்துவத்திலும் அறுவைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் எனத் தனித்தனியே பயின்றோர் இன்று உளர். தெரு மருத்துவர் அவர்களிடம் அனுப்புவது தம் அறியாமையால் அன்று. எதை யார் காண வேண்டும் என்று அறிந்ததனால். அவர் தரும் கடிதத்தையும், குருதிச் சோதனைத் தாளையும், கொடுத்த மருந்துகளின் பெயர்களையும் மறவாது கொண்டு செல்லுங்கள். வயிற்று ஸ்கேனுக்குப் பெரும்பாலும் வெறும் வயிறு வேண்டும். ஆனால் அவசரம் என்று மருத்துவர் சொன்னால், அதற்காகக் காத்திராதீர்கள்.

கன்னட நண்பர் ஒருவர் நள்ளிரவு வரை எங்களுடன் மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்தார். மழித்த மயிர் முளைக்கச் சில திங்கள் ஆயின. இன்று மாலை நான் விழாவுக்குப் புறப்பட்டபோது, ராணி வாயிற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிட மறுத்தாள். தாமதமாக வந்தமைக்கு அவளே காரணம்; அவையோர் பொறுத்தருள்க.