உங்கள் அளவுக்கு ஒரு நைட்டி
(சங்கக் கூடத்தில் நடந்த தையல் வகுப்பின் முதல் நாள் பேச்சு)

பின்வரிசையில் இரண்டு மூன்று சார்களும் வந்து உட்கார்ந்திருப்பது சந்தோஷம். டேப் பிடிக்க ஆள் வேண்டும். நம் உடம்பை நாமே சரியாக அளக்க முடியாது.

பழகுவதற்கு ஏன் நைட்டி என்று சிலர் கேட்டீர்கள். காலையில் பால் பாக்கெட் எடுப்பதிலிருந்து மொட்டை மாடியில் துணி காயப்போடுவது வரை நம்மில் பாதிப் பேர் உடுத்துவது அதைத்தானே! கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். ஐந்தடிக்காரருக்கும் ஐந்தரை அடிக்காரருக்கும் ஒரே நீளம். குள்ளமானவர் ஒரு கையில் பக்கெட், மறு கையில் நைட்டியின் முன்பக்கம் என்று படி இறங்குகிறார். கைப்பிடியைப் பிடிக்கக் கை ஏது? விபத்துக் காயங்களால் வரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்தபடி கீழே விழுவதுதான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆகவே நீளத்தை ஏதோ அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள்.

அளவு எடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள். போட்டோவுக்கு நிமிர்வது போல நிமிர வேண்டாம். கழுத்தை ஒட்டிய தோளிலிருந்து, தரைக்கு 3 அங்குலம் மேலே வரை முன்பக்கம் ஓர் அளவு, முதுகுப் பக்கம் ஓர் அளவு. வயதான அம்மாக்களுக்கு முதுகு வளைந்திருந்தால் பின் அளவு கூடுதலாக வரும். கடை நைட்டி அவர்களுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு முன்னால் தரையைக் கூட்டுவது இதனால்தான். இரண்டில் பெரிய அளவுக்கு வெட்டுங்கள். மிச்சத்தை அடி மடிக்கும்போது சரி செய்யலாம்.

அடுத்து சுற்றளவு. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் அளந்து எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 40 அங்குலம் என்றால் லூசுக்கு 8 சேர்த்து 48. நான்கில் ஒரு பங்கு 12, தையலுக்கு 1, ஆக 13. கணக்கு இவ்வளவுதான்.

44 அங்குல அகலப் பருத்தித் துணி என்றால் நடுத்தர உயரத்துக்கு மூன்றேகால் மீட்டர் போதும். முதல் நாள் இரவே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் எடுத்த அளவெல்லாம் வீண்.

துணியை நான்காக மடித்து, மடிப்பு தோள் பக்கமும் நடுப் பக்கமும் வரும்படி விரியுங்கள். கையைத் தனியாக வெட்டி இணைக்க வேண்டாம், உடம்போடு சேர்த்தே வெட்டிவிடலாம். தோளிலிருந்து 10 அங்குலம் இறக்கி அக்குள் குறி. அங்கே 13, அடியில் 20 என்று சாய்வாகக் கோடு. அக்குளை மூலையாக வெட்டாமல் வளைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் கை தூக்கும்போது அங்கேதான் கிழியும். கழுத்து அகலம் நடு மடிப்பிலிருந்து 3, முன் இறக்கம் 6, பின் இறக்கம் 2. வெட்டியதும் தலை நுழைகிறதா என்று பார்த்துவிட்டு கிராஸ் பீஸ் வைத்து அடியுங்கள்.

தோள் பிடித்துக்கொண்டு கை மேலே போகாதவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கழுத்து உதவாது. முன்பக்கம் இடுப்பு வரை திறந்து பட்டி வைத்து, பெரிய பட்டனாக வையுங்கள். காலை நுழைத்துக் கீழிருந்து மேலே போட்டுக்கொள்ளலாம். சட்டை போட்டுவிட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிராத நிம்மதி, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மிச்சத் துண்டில் ஒரு பாக்கெட் கட்டாயம். கையைத் தொங்கவிட்டால் விரல் எட்டும் இடத்தில், செல்போன் முழுக்க உள்ளே போகும் ஆழத்தில். ஹாலில் மணி அடிக்கிறது என்று பாட்டி எழுந்து ஓட வேண்டாம் பாருங்கள்.

அடி மடிப்பு கடைசி வேலை. உடுத்தி நிற்கச் சொல்லி, தரையில் ஸ்கேலை நிறுத்தி, சுற்றி வந்து 3 அங்குல உயரத்தில் சாக்கால் குறியுங்கள். சார்கள் குனிந்து செய்ய வேண்டியது இந்த வேலைதான்.

அடுத்த வகுப்புக்குப் புதுத் துணி கொண்டுவராதீர்கள். கத்தரி வைக்கப் பயம் போகும்வரை பழைய பெட்ஷீட் போதும்.