கண்ணுக்குத் தெரியாத குறி

எமது பாடசாலை மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். பைட்டுகளைச் சாதாரண எழுத்துக்களாற் குறிப்பது பேஸ் 64 என்னும் முறை. மாணவர் பெயர்களை அம்முறையில் மாற்றும் பணியை, ஷெல் கட்டளையிலிருந்து பிஎச்பி மொழிக்குப் பெயர்த்திருந்தான். பழைய பதிவேட்டிலுள்ள குறியீடு ஒன்றேனும் புதியதோடு பொருந்தவில்லை. "ஐயா, என் நிரலிற் பிழை யாது?" என வினவினான்.

எழுதியதிற் பிழையில்லை, எழுதாது விட்டதிலேதான் பிழை. ஷெல்லின் 'எக்கோ' கட்டளை, சொல்லின் ஈற்றிற் புதுவரிக் குறியொன்றைத் தானாகவே சேர்த்துவிடும். பிஎச்பியோ கொடுத்ததை மட்டுமே குறியீடாக்கும்.

'அ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப் 8 முறையில் அது 3 பைட்டுகள். பேஸ் 64 அவற்றை 4 குறிகளாக்கும். புதுவரி சேர்ந்தால் 4 பைட்டுகள். அவை நிரப்புக் குறிகள் இரண்டுட்பட 8 குறிகளாகிவிடும்.

பழைய பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டுமாயின், பிஎச்பியிலும் புதுவரியைச் சேர்த்தல் வேண்டும். புதிதாகத் தொடங்குவோர், 'எக்கோ'வைத் தவிர்த்து 'பிரிண்ட்எஃப்' கட்டளையைக் கையாளலாம்; அது கேளாத புதுவரியைச் சேர்ப்பதில்லை. மாணவன் புதுவரியைச் சேர்த்தான், பெயர்கள் பொருந்தின.

நூலைப் பெயர்ப்போர்க்கும் நிரலைப் பெயர்ப்போர்க்கும் விதி ஒன்றே: மூலம் சொல்லாமற் செய்வதையும் அறிந்த பின்னரே பெயர்த்தல் வேண்டும்.